பித்தளை டோக்கனும் பிளாஸ்டிக் அட்டையும்

போன வாரம் குன்னூர் மார்க்கெட்டில் பார்த்த ஒரு நண்பர், "சார், நீங்க அந்தக் கார்டு விஷயத்தை எழுதறேன்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். உண்மைதான். எழுதாததற்குக் காரணம் சோம்பல் பாதி, வெட்கம் பாதி. முப்பத்து மூன்று வருடம் கருவூலத்தில் பில் தணிக்கை செய்தவன் தன் சொந்த பாஸ்புக்கை எட்டு மாதம் பார்க்காமல் இருந்த கதை இது. அதோடு, கடைக்காரர் நம் கணக்கைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் வழக்கத்தின் கதையும் இதில் வரும். இரண்டாவது என் கதையைவிடச் சுவையானது. அவசரம் உள்ளவர்கள் முதல் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பேரன் எங்களிடம் வந்து மாட்டிக்கொண்டான். அவனுக்கு அப்போது பத்து வயது. காலையில் செல்போனில் வகுப்பு, மதியத்துக்கு மேல் மழையும் மூடுபனியும். பையன் நன்றாகப் படம் வரைவான். படம் வரையக் கற்றுத்தரும் செயலி ஒன்று, முதல் ஏழு நாள் இலவசம் என்று கண்ணில் பட்டது. ஜூன் 4 அன்று நானே என் போனில் இறக்கினேன். செயலிக் கடை கார்டு எண் கேட்டது. பென்ஷன் கணக்கின் டெபிட் கார்டைக் கொடுத்தேன். மனைவியின் போனுக்கு ஓடிபி வந்தது. அவள் சமையலறையிலிருந்து ஒவ்வொரு எண்ணாகக் கத்திச் சொல்ல, நான் கூடத்தில் உட்கார்ந்து தட்டினேன். இலவசம் என்றால் ஓடிபி எதற்கு என்று கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். கேட்கவில்லை.

தீபாவளி முடிந்து பையன் கோவைக்குப் போய்விட்டான். செயலி சும்மா இடத்தை அடைக்கிறதே என்று விரலால் அழுத்தித் தூக்கி எறிந்தேன். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

2021 ஜனவரி கடைசியில் வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் பதிவு போட்டபோது எட்டு வரிகள், ஒவ்வொன்றிலும் 399 ரூபாய். மொத்தம் 3,192. மனைவியின் போனுக்குக் குறுஞ்செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. முந்நூறு செய்தி படிக்காமல் கிடக்கும் போன் அது. வீட்டுக்கு வந்த சூட்டில் கோவைக்குப் போன் போட்டு, பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, திட்டினேன். "தாத்தாவுக்குத் தெரியாம கேம் வாங்கினியா?" என்றேன். "நான் எடுக்கல தாத்தா" என்றான். "பின்ன யார் எடுத்தா, ஆவியா?" என்றேன். அழுதுகொண்டே போனை அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. பாஸ்புக்கை எடுத்து, அலுவலகத்தில் செய்வதுபோல் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதினேன். எட்டும் 11ஆம் தேதி. ஜூன் 11, ஜூலை 11 என்று ஜனவரி 11 வரை. குழந்தை கேம் வாங்கினால் இப்படித் தேதி தவறாமல் வாங்குமா? மேலும், கடைசி இரண்டு வரியும் அவன் கோவைக்குப் போன பிறகு விழுந்தவை. போனோ என் சட்டைப் பையில். ஜூன் 4உடன் ஏழு நாளைக் கூட்டிப் பார்த்தேன். அதற்குமேல் கணக்குப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

இங்கே என் படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்கள் ஆசிரியர் இரண்டு வினைச்சொற்களைக் கலந்து எழுதினால் ஸ்கேலால் தட்டுவார். 'சுப்ரிமே' என்றால் அழிப்பது, நீக்குவது. 'ரெஸிலியே' என்றால் ஓர் ஒப்பந்தத்தை, சந்தாவை முறித்துக்கொள்வது. பலகையில் எழுதியதை அழிக்கலாம், வீட்டு வாடகை ஒப்பந்தத்தை அழிக்க முடியாது, முறிக்கத்தான் வேண்டும். நான் செயலியை அழித்தேன், சந்தாவை முறிக்கவில்லை. அறுபது வருடம் முன்னால் வாங்கிய அடி அன்று ராத்திரிதான் வலித்தது.

மறுநாள் கார்டை எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். செயலிக் கடையில் நம் முகப்படத்தைத் தொட்டால் பணம் செலுத்தும் முறைகளும் சந்தாக்களும் வரும். அதற்குள் பேமெண்ட் முறைகள், அதற்குள் கூடுதல் அமைப்புகள். அங்கே கார்டின் கடைசி நான்கு எண்ணும், பக்கத்தில் 'அகற்று' என்ற சொல்லும் இருந்தன. தொட்டேன். சந்தா ஒன்று நடப்பில் இருக்கிறது, வேறு கார்டு கொடுத்தால்தான் இதை எடுக்கலாம் என்று பதில். திருடனை வெளியே அனுப்ப இன்னொரு திருடனை உள்ளே விடச் சொல்வதுபோல இருந்தது. பிறகு சந்தாக்கள் பகுதிக்குப் போய் அதை ரத்து செய்துவிட்டு (ஏன் விலகுகிறீர்கள் என்று ஒரு கேள்வி, நிச்சயமாகவா என்று இன்னொன்று), அந்த மாதக் கெடு முடிந்த மறுநாள், பிப்ரவரி 12 அன்று, கார்டை அகற்றினேன். தமிழ் மெனு சில இடங்களில் புரியாததால் போனின் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றிக்கொண்டு செய்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். போன பணம் போனதுதான்.

இனி வரலாறு.

கடைக்காரர் நம் கணக்கை வைத்திருப்பது நமக்குப் புதிதல்ல. நான் 1975இல் இந்த மலைக்கு வேலைக்கு வந்தபோது எஸ்டேட் பக்கத்துக் கடைகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பற்று நோட்டு உண்டு. மண்ணெண்ணெய், அரிசி, பீடி, தலைவலி மாத்திரை எல்லாம் அதில் ஏறும். சம்பளத்தன்று கடைக்காரர் நோட்டோடு வந்து நிற்பார். நோட்டு அவர் கையில்தான் இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். ஆனால் ஒன்று, கணக்கு தீர்ந்தால் குறுக்கே ஒரு கோடு போடுவார், நம் கண் முன்னால் போடுவார்.

அப்போது எங்கள் பக்கத்து வீட்டில் சிலோனிலிருந்து வந்த ஒரு பெரியவர் இருந்தார். 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக ஆனது. அப்படி வந்தவர்களுக்காகத்தான் 1968இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. இன்றைய டான்டீயின் தொடக்கம் அது. அந்தப் பெரியவர் தன் அப்பா காலத்துத் 'துண்டு' பற்றிச் சொல்வார். சிலோன் தோட்டத்தில் கங்காணியிடம் வாங்கிய முன்பணம் தொழிலாளியின் பேரில் கடனாக நிற்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை ஒரு துண்டுக் காகிதம் எழுதித் தருவார். இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்பது அதன் சாரம். புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். கடன் தீர்ந்ததா என்றால் இல்லை, புது இடத்தில் அதே கடன் மறுபடி ஆள் பேரில் ஏறும். ஆள் இடம் மாறினாலும் துண்டு கூடவே வரும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள்.

என் 399 ரூபாயை அந்த மனிதர்கள் பட்ட பாட்டோடு ஒப்பிடவில்லை, அது பாவம். காகிதம் யார் கையில் இருக்கிறது என்பதற்காக மட்டும்தான் சொல்கிறேன்.

அட்டை வந்தது பிறகு. 1950இல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப். 1958இல் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரத்தில் பாங்க் ஆஃப் அமெரிக்கா, கேட்காதவர்களுக்கெல்லாம் தபாலில் அட்டை அனுப்பி வைத்தது. அதுதான் 1976இல் விசா என்று பெயர் மாறியது. பிரான்சில் 1967இல் 'கார்த் ப்ளே', அதாவது நீல அட்டை. இந்தியாவில் ஒரு வங்கி கிரெடிட் கார்டு கொடுத்தது 1980இல், சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா.

கார்டைத் 'தேய்ப்பது' என்று இன்றும் சொல்கிறோமே, அந்தச் சொல் காந்தப் பட்டையைத் தேய்ப்பதற்கும் முந்தியது என்பது என் எண்ணம். ஆரம்பத்தில் ஓர் இரும்புச் சட்டத்தில் அட்டையை வைத்து, மேலே கார்பன் தாளோடு சீட்டை வைத்து, கைப்பிடியை இழுத்துத் தேய்ப்பார்கள். அட்டையில் புடைத்திருக்கும் எண்கள் சீட்டில் பதியும். சீசனில் பெரிய ஓட்டல்களில் வெளியூர் விருந்தாளி வந்து இறங்கியதுமே ஒரு சீட்டைத் தேய்த்துக் கையெழுத்து வாங்கி, தொகை எழுதாமல் டிராயரில் வைத்துக்கொள்வது உண்டு. அறையைக் காலி செய்யும்போது தொகை எழுதுவார்கள், அல்லது ரொக்கம் வாங்கிக்கொண்டு கிழித்துப் போடுவார்கள். சேமித்து வைத்த கார்டு என்று இன்று சொல்வதன் தாத்தா அந்த வெற்றுச் சீட்டுதான். அதைக் கிழிப்பதை விருந்தாளி நின்று பார்க்கலாம். விவரம் தெரிந்தவர்கள் கார்பன் தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்களைப் பற்றி எழுதாமல் விட்டால் என் பள்ளி நண்பர்கள் கோபிப்பார்கள். அட்டைக்குள் சில்லு வைக்கும் யோசனைக்கு 1974 மார்ச் மாதம் உரிமை பதிவு செய்தவர் ரோலாந் மொரேனோ என்ற பிரெஞ்சுக்காரர். 1992 முடிவதற்குள் பிரான்சின் வங்கி அட்டைகள் எல்லாம் சில்லுக்கு மாறிவிட்டன. நம் ஊரில் காந்தப்பட்டை மட்டுமே உள்ள அட்டைகளை மாற்ற ரிசர்வ் வங்கி கெடு வைத்தது 2018 டிசம்பர் 31. சில்லுக்குப் பிரெஞ்சில் 'ப்யூஸ்' என்று பெயர். தெள்ளுப்பூச்சி என்று அர்த்தம்! அவர்களிடம் 'மினிதெல்' என்று ஒரு பெட்டியும் இருந்தது. இணையம் வருவதற்கு முன்பே, 1980களில், டெலிபோன் கம்பி வழியாக ரயில் டிக்கெட்டும் செய்தியும் பார்க்கும் கருவி. 2012 ஜூன் 30 வரை ஓடியது. பல சேவைகளுக்கான காசு டெலிபோன் பில்லிலேயே ஏறிவிடும். அட்டை எண்ணை எவரிடமும் கொடுக்க வேண்டாம்.

அட்டை எண்ணைக் கடையிலேயே விட்டுவைக்கும் பழக்கத்தை உலகத்துக்கு ஊட்டியது அமேசான். ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு 1997இல் விண்ணப்பித்து 1999இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது. 2000இல் ஆப்பிள் அதற்குக் காசு கொடுத்து உரிமம் பெற்றது. 2008 ஜூலையில் ஆப்பிளின் செயலிக் கடை திறந்தது. அந்த வருடமே கூகுளின் ஆண்ட்ராய்டு மார்க்கெட்டும் வந்து, 2012இல் கூகுள் பிளே என்று பெயர் மாறியது. வாங்குபவன் யோசிக்க எடுக்கும் அந்த அரை நிமிடத்தை ஒழித்ததுதான் இவற்றின் வெற்றி. பையிலிருந்து பர்ஸை எடுக்கிற நேரத்தில் எத்தனையோ பேர் மனம் மாறியிருக்கிறோம்.

இந்த விஷயத்தில் நம் ரிசர்வ் வங்கியை நான் மெச்சுகிறேன். 2009 ஆகஸ்ட் 1 முதல், அட்டையைக் கையில் காட்டாமல் இணையத்தில் வாங்கினால் கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நம்மை எரிச்சல்படுத்தும் ஓடிபியின் வேர் அங்கே இருக்கிறது. எத்தனையோ வெளிநாடுகளில் அப்போது எண்ணும் தேதியும் கொடுத்தாலே வியாபாரம் முடிந்தது.

2016இல் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரம் கசிந்ததாக அக்டோபரில் செய்தி வந்தது நினைவிருக்கும். அது கடைகளிலிருந்து அல்ல, ஏடிஎம் பின்னணிக் கணினியில் புகுந்த தீநிரலால் என்றார்கள். இருந்தாலும் எண் எத்தனை இடத்தில் கிடக்கிறதோ அத்தனை ஓட்டை என்பது எல்லோருக்கும் புரிந்தது. 2020 மார்ச் 17இல் ரிசர்வ் வங்கி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கடைகள் அட்டை விவரத்தைத் தங்களிடம் சேமிக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி. கம்பெனிகள் அவகாசம் கேட்டன, கெடு தள்ளிப் போனது, மறுபடி தள்ளிப் போனது. கடைசியில் 2022 அக்டோபர் 1 முதல் அட்டை எண்ணை அதைக் கொடுத்த வங்கியும் விசா, மாஸ்டர், ரூபே போன்ற அட்டை வலையமைப்பும் தவிர வேறு யாரும் வைத்திருக்கக் கூடாது, முன்பு வைத்திருந்ததையும் அழிக்க வேண்டும் என்று ஆனது. அடையாளத்துக்குக் கடைசி நான்கு எண்ணும் வங்கியின் பெயரும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

அதற்குப் பதிலாக வந்ததன் பெயரைப் பத்திரிகையில் படித்ததும் சிரித்துவிட்டேன். டோக்கன்!

கருவூலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு டோக்கனை விளக்க வேண்டாம். ஓர் அலுவலகத்துச் சிப்பந்தி பில்லைக் கொண்டுவந்து கவுண்டரில் கொடுப்பார். நாங்கள் எண் குத்திய பித்தளை வில்லை ஒன்றைக் கொடுத்து, அந்த எண்ணைப் பில்லிலும் பதிவேட்டிலும் எழுதுவோம். பில் தணிக்கையாகி வந்தபின் வில்லையை வாங்கிக்கொண்டுதான் பில்லைக் கொடுப்போம். வங்கியில் காசோலைக்கும் அதே முறை. அந்த வில்லை சந்தையில் விழுந்து வேறொருவன் எடுத்தாலும் அவனுக்கு அது பழைய பித்தளைதான். அதைப் பார்த்து எந்த அலுவலகப் பில், எவ்வளவு தொகை என்று கண்டுபிடிக்க முடியாது. குன்னூரில் கொடுத்த வில்லை கோத்தகிரியில் செல்லாது. தொலைந்துவிட்டால் பதிவேட்டில் குறித்து அந்த எண்ணை முடக்கிவிடுவோம். என்னிடம் ஒரு சிப்பந்தி தொலைத்த வில்லைக்கு விளக்கக் கடிதம் எழுதித் தந்து, மூன்று மாதம் கழித்து மழைக்கோட்டு மடிப்பில் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார்.

இப்போது நடப்பதும் இதுதான். உங்கள் கார்டின் 16 எண்ணுக்குப் பதில், அந்தக் கடைக்கு மட்டும் செல்லும் வேறொரு எண்ணை அட்டை வலையமைப்பு கொடுக்கிறது. கடையின் கணினியை எவனாவது கொள்ளையடித்தாலும் அவனுக்குக் கிடைப்பது அந்த வில்லைதான். உண்மை எண் எது என்ற பதிவேடு கடைக்காரரிடம் இல்லை. நம் சம்மதமும் ஓடிபியும் இல்லாமல் டோக்கன் உண்டாக்கக் கூடாது. எந்தெந்தக் கடைக்கு டோக்கன் கொடுத்திருக்கிறோம் என்று பார்க்கவும் ரத்து செய்யவும் கார்டு கொடுத்த வங்கியே வசதி செய்து தர வேண்டும் என்பதும் விதி. இது நிறையப் பேருக்குத் தெரியாது. கடையின் மெனுவில் தேடித் தேடி அலுத்தால், வங்கியின் செயலியிலோ கிளையிலோ கேளுங்கள்.

ஆனால் டோக்கன் என்னைக் காப்பாற்றியிருக்காது. என்னிடம் யாரும் எண்ணைத் திருடவில்லையே, நானே சம்மதம் கொடுத்தேன். என் போன்றவர்களுக்கு உதவும் விதி வேறு. 2021 அக்டோபர் 1 முதல் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் தொகைக்கு, பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் வழியும் அதில் இருக்க வேண்டும். 5,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி. அந்த வரம்பு 2022 ஜூனில் 15,000 ஆனது. விதி வந்த மாதத்தில் ஏகப்பட்ட சந்தாக்கள் அறுந்தன. கம்பெனிகள் புலம்பின. 2022 மே மாதத்தில் ஆப்பிள் தன் கடையில் இந்திய டெபிட், கிரெடிட் கார்டு வாங்குவதையே நிறுத்திவிட்டு, யூபிஐயும் நெட் பாங்கிங்கும் முன்பணமும் போதும் என்றது. பல லட்சம் பேரின் கார்டு ஒரே வீச்சில் நீங்கியது. 'அகற்று' என்ற பொத்தானை அவர்கள் தேடவே வேண்டியிருக்கவில்லை.

நான் மாட்டிக்கொண்டது இதற்கெல்லாம் எட்டு, ஒன்பது மாதம் முன்னால். என் நேரம்.

நுழைய எளிது, வெளியேறக் கடினம் என்கிற சந்தா வலையை, 2023 நவம்பர் 30இல் நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடைசெய்த 13 தந்திரங்களில் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறது. பிரான்சில் அதே வருடம் ஜூன் 1 முதல், இணையத்தில் எடுத்த சந்தாவை இணையத்திலேயே மூன்று சொடுக்கில் முறிக்க வழி இருக்க வேண்டும் என்று ஆனது. 'ரெஸிலியே' என்ற என் பழைய வினைச்சொல் சட்டத்தில் ஏறியிருக்கிறது. அந்தச் சட்டத்தின் தேதி 2022 ஆகஸ்ட் 16. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் ஓர் ஆகஸ்ட் 16தான், 1962இல். இதில் ஒரு பொருளும் இல்லை. ஆனாலும் புதுச்சேரிக்காரன் கண்ணில் பட்டால் விடமாட்டான்.

பேரன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பாஸ்புக் கணக்கு எழுதிய ராத்திரிக்கு மறுநாளே போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கார்டை எடுத்த பிறகு சொல்லலாம், பணம் திரும்பினால் சொல்லலாம் என்று நாளைக் கடத்தினேன். மனைவிதான் ஒரு நாள், "என்னங்க, குழந்தை இன்னும் நீங்க திருடன்னு நெனச்சிட்டிருக்கீங்கன்னுதானே இருப்பான்?" என்றாள். மார்ச் மாதம் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவைக்குப் பஸ் பிடித்தேன். அந்தத் தேதிவாரித் தாளைக் கையில் எடுத்துப் போயிருந்தேன். பையனை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய் ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். "இது நீ அங்க இருந்தப்போ. இது நீ இங்க வந்தப்புறம். போன் என்கிட்ட இருந்தது. அப்போ தப்பு யாருது?" என்று கேட்டேன். "உங்களுது தாத்தா" என்றான், பயந்துகொண்டே. "ஆமாம்" என்றேன். தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "இதை நான் வச்சுக்கவா?" என்று கேட்டான். வரையத்தான் கேட்கிறான் என்று நினைத்துக் கொடுத்தேன். போன வருடம் அவன் மேசை டிராயரில் நாலாக மடித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். பின்பக்கம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

எதிர் வீட்டு டீச்சரம்மாவுக்கும் ஏதோ பக்திப் பாட்டுச் செயலிக்கு மாதம் 99 ரூபாய் போகிறதாம். செயலியை எப்போதோ எடுத்துவிட்டேனே என்கிறார்கள். இன்று மூடுபனியில் சிக்னல் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். போன், கார்டு, பாஸ்புக், மூக்குக் கண்ணாடி நான்கும் கொண்டுவர வேண்டும். போன முறை கண்ணாடியை மறந்துவிட்டு வந்தார்கள்.